ஈவி (எலெக்ட்ரிக் வண்டி) வாங்கலாமா? முதலில் பிளக் பாயின்ட் யாருடையது என்று பாருங்கள்

தம்பி கேட்டிருப்பது சுருக்கமாக இது. தாம்பரத்தில் வாடகை வீடு, முதல் மாடி. கிண்டிக்கு வேலைக்குப் போய் வர, நடுவில் காய்கறி, பிள்ளையின் டியூஷன் என்று தினமும் 40 கிலோமீட்டர். பழைய பெட்ரோல் ஸ்கூட்டர் படுத்துவிட்டது. எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் என்று வீட்டில் பேச்செடுத்தால் மச்சான், “அது மானியத்துல ஓடுற வண்டி. மானியம் நின்னா கதை முடிஞ்சுது. எல்லாம் கரியில எடுக்குற கரண்ட்டுதானே” என்கிறார். ஆபீசில் இன்னொருவரோ, பெட்ரோல் பங்கில் நிற்பவர்களை எல்லாம் ஊரைக் கெடுக்க வந்தவர்களைப் போலப் பார்க்கிறார். யார் சொல்வது சரி?

இரண்டு பேர் பேச்சிலும் உண்மை இருக்கிறது. ஆனால் உங்கள் வண்டி நிற்கிற இடத்தில் பிளக் பாயின்ட் இருக்கிறதா என்று இரண்டு பேருமே கேட்கவில்லை பாருங்கள். நான் அங்கிருந்துதான் ஆரம்பிப்பேன். அரசியலும் கடைசியில் அங்கேதான் வந்து நிற்கும்.

நான் 2021 கடைசியில் எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் வாங்கினேன். 50,000 கிலோமீட்டரை நெருங்கிக்கொண்டிருக்கிறது. வீட்டில் மனைவி ஓட்டுகிற பெட்ரோல் ஸ்கூட்டரும் உண்டு. கணக்கெழுதிப் பிழைக்கிறவன் என்பதால் இரண்டு வண்டிக்கும் நோட்டு போட்டு எழுதி வைத்திருக்கிறேன். எந்தக் கம்பெனிக்கும் எந்தக் கட்சிக்கும் வக்காலத்து வாங்க வரவில்லை.

வாங்கின புதிதில் நானும் வாடகை வீட்டில்தான் இருந்தேன். இரண்டாவது மாடி. கீழே வண்டி நிறுத்துகிற இடத்தில் பொதுவாக ஒரே ஒரு பிளக், அதுவும் மோட்டார் ரூமுக்குள். முதல் மாதம் பால்கனியிலிருந்து எக்ஸ்டென்ஷன் வயரைத் தொங்கவிட்டு சார்ஜ் போட்டேன். அதைச் செய்யாதீர்கள். மழை வந்தால் ராத்திரி எழுந்து ஓடிப்போய்ச் சுருட்ட வேண்டும், அப்புறம் நீளமான மெல்லிசு வயர் நாலு மணி நேரம் தொடர்ந்து கரண்ட் இழுத்தால் சூடேறும். பிறகு வீட்டு ஓனரிடம் பேசி, என் செலவில் 15 ஆம்ப் பாயின்ட், எர்த், தனி எம்சிபி (கரண்ட் அதிகமானால் தானே அணைந்துவிடும் சுவிட்ச்), வண்டிக்கு எத்தனை யூனிட் என்று தனியாகக் காட்ட ஒரு சப் மீட்டர் வைத்தேன். யூனிட்டுக்குப் பத்து ரூபாய் கொடுத்துவிடு என்றார். சரி என்றேன். அவருக்கு லாபம்தான், ஆனால் எனக்கும் நஷ்டமில்லை. மூன்று மாதம் கழித்துப் பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர், “பேட்டரி வண்டி வெடிக்குமாமே, அதை ஏன் படிக்கட்டுக்குப் பக்கத்துல வைக்கிறீங்க” என்று ஆரம்பித்தார். அதில் நியாயம் இருந்தது. வண்டியை வெளிச்சுவர் ஓரமாக மாற்றினேன். மறுபடி வயர், மறுபடி எலக்ட்ரீஷியன்.

இதை நீட்டிச் சொல்வதற்குக் காரணம் உண்டு. சொந்த வீட்டுக்காரருக்கு இதெல்லாம் ஒரு நாள் வேலை, ஓரிரு ஆயிரம் செலவு. வாடகைக்காரருக்கு இது ஒரு பேச்சுவார்த்தை. ஒவ்வொரு வீடு மாறும்போதும் புதிதாக நடத்த வேண்டிய பேச்சுவார்த்தை. மத்திய வீட்டு வசதி அமைச்சகம் 2019 பிப்ரவரியிலேயே மாதிரிக் கட்டட விதிகளைத் திருத்தி, புதுக் கட்டடங்களில் வண்டி நிறுத்துமிடத்தில் 20 சதவீதத்துக்கு சார்ஜிங் வசதி வேண்டும் என்று சொல்லிவிட்டது. புதுக் கட்டடம் என்பதைக் கவனியுங்கள். தாம்பரத்தில் 1998இல் கட்டிய நாலு போர்ஷன் வீட்டுக்கு அதில் ஒன்றும் இல்லை. பேட்டரியைக் கழற்றி மாடிக்குத் தூக்கிப்போகிற மாடல்களும் இருக்கின்றன. ஆனால் ஒரு பேட்டரியே பத்து கிலோவுக்கு மேல் வரும். காஸ் சிலிண்டரைத் தூக்குகிற மாதிரி தினமும் தூக்க முடியுமா என்பதை உங்கள் முதுகைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்தது கரண்ட் பில். ஷோரூமில் “கிலோமீட்டருக்குக் கால் ரூபாய்” என்பார்கள். அது யாருக்கு உண்மை, யாருக்கு இல்லை என்று பார்ப்போம்.

என் நோட்டின்படி 100 கிலோமீட்டருக்கு, சார்ஜரில் வீணாவதையும் சேர்த்து, மூன்றரை யூனிட். நீங்கள் மாதம் 1,000 கிலோமீட்டர் ஓட்டுவீர்கள். தமிழ்நாட்டில் ரீடிங் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை என்பதால் ஒரு பில்லில் கூடுவது 70 யூனிட். நம் வீட்டு மின்கட்டணம் படிக்கட்டு மாதிரி, 2025 கணக்கைச் சொல்கிறேன். முதல் 100 யூனிட் இலவசம், 400 வரை யூனிட் ஐந்து ரூபாய்க்குள், 500ஐத் தாண்டினால் எட்டு ரூபாய்க்கு மேல், 600ஐத் தாண்டினால் ஒன்பதுக்கு மேல். போதாததற்கு 500க்குள் இருக்கிறவர்களுக்கு மட்டும் இரண்டாவது நூறு யூனிட் ஏறக்குறைய பாதி விலையில் கிடைக்கிறது. 501வது யூனிட்டைத் தொட்டால் அந்தச் சலுகையும் போய், இருநூற்றுச் சொச்சம் ரூபாய் தனியாக ஏறும்.

ஆக, சின்னக் குடும்பம், ஏசி இல்லை, பில்லுக்கு 250 யூனிட் என்றால் வண்டிக்கான 70 யூனிட் 350 ரூபாயில் முடியும். ஏற்கெனவே 470 யூனிட்டில் நிற்கிற வீடென்றால் அதே 70 யூனிட் உங்களைப் படி தாண்ட வைக்கும். சலுகை போனதையும் சேர்த்தால் 700 ரூபாயைத் தாண்டிவிடும். ஒரே வண்டி, ஒரே தெரு, இரண்டு மடங்கு வித்தியாசம். இதை யாரும் விளம்பரத்தில் போட மாட்டார்கள்.

ஆனாலும் பெட்ரோலோடு வைத்துப் பாருங்கள். 45 மைலேஜ் கொடுக்கிற ஸ்கூட்டருக்கு 2,000 கிலோமீட்டருக்கு 44 லிட்டர். லிட்டர் நூறு ரூபாய் என்றாலே 4,400. மோசமான படியில் நிற்கிற வீட்டுக்கும் இரண்டு மாதத்துக்கு 3,500 ரூபாய்க்கு மேல் மிச்சம், வருஷத்துக்கு இருபதாயிரத்துக்கு மேல். உங்களைப் போல ஓடுகிறவருக்கு வண்டியின் விலை வித்தியாசம் இரண்டு வருஷத்தில் திரும்பி வந்துவிடும். மாதம் 250 கிலோமீட்டர் மட்டும் ஓடுகிற, கோயிலுக்கும் மார்க்கெட்டுக்கும் போகிற வண்டி என்றால் நான் பெட்ரோலே போதும் என்பேன். என் மனைவியின் வண்டியை மாற்றாததற்கும் அதுதான் காரணம். ஆபீஸ்காரர் என்ன வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளட்டும்.

இனி மச்சானிடம் வருவோம். மானியத்தில் ஓடுகிற வண்டி என்பது ஒரு காலத்தில் முழு உண்மை. எலெக்ட்ரிக் வண்டிகளுக்கு மானியம் தருகிற மத்திய அரசின் ஃபேம் திட்டம் 2015இல் வந்தது. இரண்டாவது சுற்று 2019 ஏப்ரலில் 10,000 கோடி ரூபாய் ஒதுக்கீட்டோடு வந்தது. 2021 ஜூனில் இருசக்கர வண்டிக்கான மானியத்தை பேட்டரியின் ஒவ்வொரு யூனிட் கொள்ளளவுக்கும் 15,000 ரூபாய் என்று உயர்த்தினார்கள், வண்டி விலையில் 40 சதவீதம் வரை. அதாவது மூன்று யூனிட் பேட்டரி வைத்த வண்டிக்கு 45,000 ரூபாய். நான் வாங்கியது அந்தக் காலத்தில்தான், ஆகவே மச்சான் திட்டுகிற ஆட்களில் நானும் ஒருவன். 2023 ஜூனில் அதை 10,000 ஆக்கி, உச்சவரம்பை 15 சதவீதமாக்கினார்கள். 2024 ஏப்ரலில் 5,000, வண்டிக்கு அதிகபட்சம் பத்தாயிரம். அந்த அக்டோபரில் வந்த பிஎம் இ-டிரைவ் என்ற அடுத்த மானியத் திட்டம் முதல் வருஷம் அதே அளவில் கொடுத்து, இரண்டாம் வருஷம் 2,500 ஆக்கி, வண்டிக்கு ஐயாயிரத்தோடு நிறுத்தியது. இருசக்கர வண்டிக்கு அந்தக் கணக்கு 2026 மார்ச் வரைதான் என்று போட்டிருந்தார்கள்.

மானியம் நின்றால் கதை முடிந்ததா? 2023 ஜூனில் அப்படித்தான் தெரிந்தது. மே மாதம் ஒரு லட்சத்துக்கு மேல் விற்ற வண்டிகள் ஜூனில் பாதிக்கும் கீழே போயின. மச்சான் மாதிரி ஆட்கள் அன்றைக்கு ரொம்ப சந்தோஷப்பட்டார்கள். ஆனால் 2024-25 நிதியாண்டில், பழைய மானியத்தில் ஒரு துண்டு மட்டும் மிச்சமிருந்தபோது, நாடு முழுக்க 11 லட்சத்துக்கு மேல் எலெக்ட்ரிக் இருசக்கர வண்டிகள் பதிவாகின. பேட்டரி விலை இறங்கியது, பெரிய இருசக்கர கம்பெனிகள் இறங்கின, விலை குறைந்த மாடல்கள் வந்தன. ஆக, மானியம் தள்ளிவிட்ட வண்டி இப்போது ஓரளவு தானாகவே உருள்கிறது. மொத்த விற்பனையில் இன்னும் நூற்றுக்கு ஆறு ஏழுதான் என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஆபீஸ்காரர் உலகமே மாறிவிட்டது போலப் பேசினால் இதைச் சொல்லுங்கள்.

மானியத்தில் தில்லுமுல்லு நடக்கவில்லையா என்றால் நடந்தது. ஒன்றரை லட்சத்துக்கு மேல் ஆலை விலை போனால் மானியம் கிடையாது என்பது விதி. சில கம்பெனிகள் சார்ஜரையும் சாஃப்ட்வேரையும் தனி பில்லில் விற்று, வண்டியின் விலையை வரம்புக்குள் காட்டின. சார்ஜர் இல்லாமல் எலெக்ட்ரிக் வண்டியை வாங்கி என்ன செய்வது, பூஜையா? 2023இல் அரசு பிடித்தது. கம்பெனிகள் வாங்கினவர்களுக்குச் சார்ஜர் காசைத் திருப்பிக் கொடுத்தன. இதில் மச்சானுக்கு முழு மார்க் போடுங்கள்.

ஆனால் கையில் கொடுக்கிற மானியம் சின்ன விஷயம். பெரியது, கண்ணுக்குத் தெரியாத வரி விஷயம். பேட்டரி வண்டிக்கு ஜிஎஸ்டி 2019 ஆகஸ்டிலிருந்து 5 சதவீதம். பெட்ரோல் ஸ்கூட்டருக்கு 28 ஆக இருந்தது, 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரை 18 ஆனது. அதனால் சாதாரண பெட்ரோல் ஸ்கூட்டர் ஏழெட்டாயிரம் இறங்கி, ஈவிக்கு இருந்த அனுகூலத்தில் ஒரு பகுதி கரைந்தது. அப்புறம் சாலை வரி. தமிழ்நாட்டில் 2023 நவம்பரிலிருந்து புது இருசக்கர வண்டிக்கு ஆயுள் வரி ஒரு லட்சம் வரை 10 சதவீதம், அதற்கு மேல் 12. பேட்டரி வண்டிக்கு மாநிலத்தின் 2023 மின்வாகனக் கொள்கை அதை முழுசாகத் தள்ளுபடி செய்தது, 2025 கடைசி வரை என்று தேதி போட்டு. இப்படித் தேதி போட்ட சலுகைகள் நீட்டிக்கப்படலாம், சுருங்கலாம். அதனால் நீங்கள் புக் செய்கிற வாரத்தில் ஆர்டிஓ கணக்கோடு சேர்த்து ஆன்ரோடு விலையை எழுதி வாங்குங்கள்.

எல்லாவற்றையும் விடப் பெரிய சலுகை எது தெரியுமா? பெட்ரோல் போடாமல் இருப்பது. 2025 கணக்கில் நூறு ரூபாய்ப் பெட்ரோலில் நாற்பது ரூபாய்க்கு மேல் வரி. மத்திய கலால் வரி 2025 ஏப்ரலில் லிட்டருக்கு 21 ரூபாய் 90 காசு ஆனது. மாநிலத்தின் வாட் வரி 13 சதவீதம், அதோடு லிட்டருக்கு 11 ரூபாய் 52 காசு.   வருஷம் 12,000 கிலோமீட்டருக்கு 265 லிட்டர். அதில் வரி மட்டும் ஏறக்குறைய 11,000 ரூபாய். நான்கு வருஷத்தில் 45,000 சொச்சம். அதாவது, 2021இல் அரசு எனக்கு ஒரு 45,000 கொடுத்தது, அதற்குப் பிறகு நான் கட்டாமல் விட்ட பெட்ரோல் வரி இன்னொரு 45,000. ரோடு மட்டும் அதே ரோடு.

அந்தப் பணத்தை யார் கட்டுகிறார்? பிளக் பாயின்ட் இல்லாதவர். ஓனர் ஒத்துக்கொள்ளாத வாடகைக்காரர், தெருவில் வண்டி நிறுத்துகிறவர், சொமேட்டோ, ஸ்விக்கிக்குப் பழைய பைக்கில் ஓடுகிற பையன். சொந்த வீடும் மொட்டை மாடி சோலாரும் இருக்கிறவர் பெட்ரோல் வரியிலிருந்து முழுசாகக் கழன்றுகொள்கிறார். ஈவி பற்றின அரசியல் சண்டையில் கரி, சீனா, தேசபக்தி எல்லாம் வருகிறது, இது மட்டும் வருவதே இல்லை. எனக்குத் தெரிந்து இதுதான் உண்மையான புகார். மச்சான் அதைச் சொன்னால் நான் அவர் பக்கம்.

அரசாங்கங்களுக்கு இது புரிய ஆரம்பித்துவிட்டது, ஆனால் ஏழைக்காக அல்ல, கஜானாவுக்காக. கர்நாடகம் 2024இல் 25 லட்ச ரூபாய்க்கு மேல் விலையுள்ள எலெக்ட்ரிக் கார்களுக்கு 10 சதவீத ஆயுள் வரி போட்டது. கேரளம் 2025 பட்ஜெட்டில் விலைக்கு ஏற்றபடி 15 லட்சம் வரை 5, 20 லட்சம் வரை 8, அதற்கு மேல் 10 சதவீதம் என்று அடுக்கியது. பிரிட்டன் 2025 நவம்பர் பட்ஜெட்டில், 2028 ஏப்ரலிலிருந்து எலெக்ட்ரிக் காருக்கு மைலுக்கு மூன்று பென்ஸ் என்று அறிவித்தது. அமெரிக்காவில் எலெக்ட்ரிக் கார் வாங்கினால் கிடைத்த 7,500 டாலர் வரிச் சலுகையை 2025 செப்டம்பர் 30ஓடு நிறுத்திவிட்டார்கள், அங்கே அது கட்சிச் சண்டையாகவே ஆகிப்போனது. நம் ஊரில் இன்னும் அந்த அளவுக்குப் போகவில்லை. இங்கே எந்தக் கட்சி ஆண்டாலும் தொழிற்சாலை வேண்டும். ஓசூர், கிருஷ்ணகிரி, ராணிப்பேட்டை, ஸ்ரீபெரும்புதூர் என்று வரிசையாக எலெக்ட்ரிக் வண்டி ஆலைகள். 2025 ஆகஸ்டில் தூத்துக்குடியில் வியட்நாம் கம்பெனி வின்ஃபாஸ்ட்டின் கார் ஆலை திறந்தது. வேலை தருகிற ஆலையை யார் திட்டுவார்கள்? அதே நேரம் அம்பத்தூரிலும் கோயம்புத்தூரிலும் பிஸ்டனும் கியரும் கிளட்ச் தட்டும் செய்கிற சின்னப் பட்டறைகளுக்கு எலெக்ட்ரிக் வண்டியில் வேலையே இல்லை. அவர்களுக்காக மேடையில் யாரும் பேசிக் கேட்டதில்லை.

கரி கரண்ட் என்கிறாரே, அதற்கு வருகிறேன். இந்தியாவில் உற்பத்தியாகும் மின்சாரத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கு நிலக்கரி என்பது உண்மை. மத்திய மின்சார ஆணையக் கணக்கில் ஒரு யூனிட்டுக்கு 700 கிராமுக்குச் சற்று மேல் கார்பன் டை ஆக்சைடு. என் வண்டிக்கு 100 கிலோமீட்டருக்கு மூன்றரை யூனிட், அதாவது இரண்டரை கிலோ. பெட்ரோல் ஸ்கூட்டர் அதே தூரத்துக்கு 2.2 லிட்டர் எரிக்கும், லிட்டருக்கு 2.3 கிலோ என்று வைத்தால் ஐந்து கிலோ. பேட்டரி செய்வதற்கான மாசு தனி, ஆனால் ஸ்கூட்டர் பேட்டரி சின்னது, தினம் 40 கிலோமீட்டர் ஓடினால் அது சீக்கிரம் ஈடாகிவிடும். ஆக, கரி கரண்டிலேயே பாதி. பாதிதான், பூஜ்யம் இல்லை. வண்டியின் பின்னால் ஒட்டியிருக்கும் “ஜீரோ எமிஷன்” ஸ்டிக்கரைப் பார்க்கும்போதெல்லாம் அனல்மின் நிலையங்களுக்குப் பக்கத்தில் வாழ்கிற எண்ணூர்க்காரர்கள் நினைவுக்கு வருவார்கள். கிண்டி சிக்னலில் என் வண்டி புகை விடவில்லை, ஆனால் அந்த மூன்றரை யூனிட்டுக்கான சாம்பல் கொசஸ்தலை ஆற்று முகத்துவாரத்துப் பக்கம் எங்காவது கொட்டப்பட்டிருக்கும்.

தமிழ்நாட்டில் காற்றாலையும் சோலாரும் நிறைய. ஆடிக் காற்றில் முப்பந்தலில் ராத்திரியும் காற்றாடி சுற்றும். ஆனால் சோலார் பகலில்தான், நாம் சார்ஜ் போடுவது ராத்திரியில். பகலில் ஆபீசில் பிளக் கிடைத்தால் வண்டி நிஜமாகவே வெயிலில் ஓடும். வீட்டு மீட்டரில் பகலுக்கும் ராத்திரிக்கும் ஒரே விலை என்பதால் மாற்றிப் போட நமக்குக் காரணமும் இல்லை.

சீனா பேச்சு வந்தால் அதிலும் உண்மை உண்டு. 2025 ஏப்ரலில் அந்த நாடு மோட்டாருக்கு வேண்டிய அரிய மண் காந்தங்களின் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தியதும் இங்கே எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் உற்பத்தியே தடுமாறியது. பதிலுக்கு ஒன்று கேளுங்கள்: நாம் எரிக்கிற கச்சா எண்ணெயில் 85 சதவீதத்துக்கு மேல் எந்த ஊரிலிருந்து வருகிறது?

தீப்பிடிப்பது பற்றிப் பயம் இருக்கிறதா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் வீட்டில் கேட்பார்கள். 2022 மார்ச்சில் வேலூரில் சார்ஜ் போட்டிருந்த எலெக்ட்ரிக் பைக் எரிந்து, அந்தப் புகையில் ஒரு தகப்பனும் மகளும் இறந்துபோனார்கள். அந்தச் செய்தியைப் படித்த ராத்திரி நான் வண்டியைச் சார்ஜ் போடவில்லை. அந்த வருஷக் கோடையில் வரிசையாக நடந்த விபத்துகளுக்குப் பிறகுதான் ஏஐஎஸ் 156 என்கிற பேட்டரிப் பாதுகாப்பு விதிகளைக் கடுமையாக்கினார்கள், முதல் கட்டம் 2022 டிசம்பர், இரண்டாம் கட்டம் 2023 மார்ச் 31. அதற்கு முன் செய்த செகண்ட் ஹேண்ட் வண்டி மலிவாகக் கிடைக்கிறது என்று எடுக்காதீர்கள். வீட்டுக்குள், படுக்கிற இடத்துக்குப் பக்கத்தில், வெளியே போகிற வழியில் சார்ஜ் போடாதீர்கள். கம்பெனி சார்ஜரைத் தவிர வேறு எதையும் மாட்டாதீர்கள்.

எனக்கு நிஜமாக வலித்தது தீயும் இல்லை, ரேஞ்சும் இல்லை, ரிப்பேர். மூன்றாவது வருஷம் ஒரு நாள் வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை. திரையில் ஒரு எர்ரர் நம்பர். சர்வீஸ் சென்டரில் வாங்கி வைத்துக்கொண்டு, போர்டு வரணும் என்றார்கள். 23 நாள். தினமும் போன் செய்தால் “டிக்கெட் ரெய்ஸ் பண்ணியிருக்கோம் சார்” என்பதைத் தவிர ஒன்றும் வராது. அந்த 23 நாளும் மனைவியின் பெட்ரோல் வண்டிதான் என்னைச் சுமந்தது. பெட்ரோல் வண்டி என்றால் தெரு முனை மெக்கானிக் இருக்கிறார், அவருக்குத் தெரியாவிட்டால் அவருடைய குரு, பாகம் கிடைக்காவிட்டால் புதுப்பேட்டை பழைய பாகக் கடைகள். எலெக்ட்ரிக் வண்டியில் பிரேக், டயர், பேரிங் தாண்டி அவர் கை வைக்க முடியாது, பூட்டு சாஃப்ட்வேரில் இருக்கிறது, சாவி கம்பெனியிடம் இருக்கிறது. நான் மட்டும் புலம்பவில்லை. 2024 அக்டோபரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம், பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட புகார்கள் வந்த பிறகு, ஒரு பெரிய எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் கம்பெனிக்கு நோட்டீஸ் அனுப்பியது. பழுது பார்க்கும் உரிமைக்கென்று 2022 ஜூலையில் மத்திய அரசு அமைத்த குழுவின் பட்டியலில் வண்டிகளும் இருந்தன. மானியத்துக்குக் காட்டிய அவசரத்தில் கால்வாசியை இதில் காட்டியிருந்தால் எவ்வளவோ பேர் பிழைத்திருப்பார்கள்.

பேட்டரி போனால் வண்டியே போச்சு என்கிற பேச்சு பாதி சரி. புதிதில் ஒரு சார்ஜுக்கு 85 கிலோமீட்டர் ஓடின என் வண்டி இப்போது 70ஐ ஒட்டி ஓடுகிறது. ஓடுகிறது, அவ்வளவுதான். மாற்ற வேண்டி வந்தால் புது வண்டி விலையில் பாதியைக் கேட்பார்கள், அதனால்தான் பழைய எலெக்ட்ரிக் வண்டிக்கு மார்க்கெட்டில் மதிப்பே இல்லை. விற்றுவிட்டு மாற்றலாம் என்ற எண்ணத்தில் வாங்காதீர்கள், ஓட்டித் தீர்க்க வாங்குங்கள். வாரண்டியை வருஷத்தில் மட்டும் பார்க்காமல், கிலோமீட்டர் வரம்பு எவ்வளவு, கொள்ளளவு எத்தனை சதவீதத்துக்குக் கீழே போனால் மாற்றித் தருவார்கள் என்று பாருங்கள். வருஷம் 12,000 ஓடுகிறவருக்கு 30,000 கிலோமீட்டர் வாரண்டி என்பது இரண்டரை வருஷம்தான்.

மழை பற்றி ஒன்று, தாம்பரம் என்பதால். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது எங்கள் தெருவில் மூன்று நாள் கரண்ட் இல்லை. வண்டியில் 40 சதவீதம் சார்ஜ் இருந்தது, அதை வைத்து மருந்துக்கும் பாலுக்கும் ஓட்டினேன். பங்குகளிலும் அப்போது கூட்டம்தான். தண்ணீர் தேங்கின இடத்தில் ஓடிப் பேட்டரிக்கு ஒன்றும் ஆகவில்லை, ஆனால் ராத்திரி முழுக்க மூழ்கி நின்ற வண்டியை நேராகச் சார்ஜில் போடக் கூடாது. முடிச்சூர்ப் பக்கம் தாழ்வான தெரு என்றால் உயரமான இடம் பார்த்து நிறுத்த வழி இருக்கிறதா என்று இப்போதே யோசியுங்கள்.

மச்சானோடு அரசியல் பேசியே தீர வேண்டும் என்றால் பஸ்ஸைப் பற்றிப் பேசுங்கள். 2025 ஜூன் 30 அன்று வியாசர்பாடி டிப்போவிலிருந்து 120 எலெக்ட்ரிக் தாழ்தள பஸ்கள் புறப்பட்டன. ஓட்டுவது தனியார், கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று மாநகரப் போக்குவரத்துக் கழகம் பணம் கொடுக்கும். இது தனியார்மயத்தின் பின்வாசல் என்று தொழிற்சங்கங்கள் எதிர்த்தன, அதில் பேச நிறைய இருக்கிறது. ஒன்று மட்டும் நிச்சயம், அந்த மின்சாரத்தில் பயணம் போகிறவர் பிளக் பாயின்ட் வைத்திருக்க வேண்டியதில்லை, வீடு யாருடையது என்று யாரும் கேட்பதில்லை.

சரி, உங்கள் விஷயம். தினம் 40 கிலோமீட்டர் ஓடுகிற உங்களுக்குக் கணக்கு எலெக்ட்ரிக் பக்கம்தான் நிற்கிறது, ஒரே ஒரு நிபந்தனையோடு. ஷோரூமுக்குப் போகும் முன் இந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டு ஓனரைப் போய்ப் பாருங்கள். பாயின்ட், எர்த், எம்சிபி, சப் மீட்டர் எல்லாம் என் செலவு, யூனிட்டுக்குப் பத்து ரூபாய் தருகிறேன் என்று சொல்லுங்கள். 70 யூனிட்டுக்கு 700 ரூபாய் கொடுத்தாலும் உங்களுக்குக் கட்டுபடியாகும். பில்லில் அவருக்கு எத்தனை யூனிட் வருகிறது என்று கேட்டு, அவர் 500ஐத் தாண்டுவார் என்றால் அந்த வித்தியாசத்தையும் நீங்களே ஏற்றுக்கொள்ளுங்கள். சரி என்றால் வாடகை ஒப்பந்தத்தில் ஒரு வரியாக எழுதி வாங்குங்கள். முடியாது என்றால் கிண்டி ஆபீஸ் பார்க்கிங்கில் பாயின்ட் கிடைக்குமா என்று அட்மினில் கேளுங்கள். பகல் சார்ஜே போதும், 40 கிலோமீட்டருக்கு ஒன்றரை யூனிட்தான்.

இரண்டு இடத்திலும் இல்லை என்று சொன்னால், பொது சார்ஜரை நம்பி வாங்காதீர்கள். பல இடங்களில் வீட்டு விலையைப் போல இரண்டு மூன்று மடங்கு வாங்குகிறார்கள், முன்னால் ஆட்டோ நிற்கும், இல்லை மெஷின் வேலை செய்யாது. அப்படியென்றால் ஒரு நல்ல 110 சிசி பெட்ரோல் ஸ்கூட்டரை எடுங்கள், மச்சான் ஜெயித்ததாக நினைத்துக்கொண்டால் நினைத்துக்கொள்ளட்டும். ஓனர் என்ன சொன்னார் என்று மட்டும் எனக்குச் சொல்லுங்கள்.